அவரவர் டம்ளர்

இன்று காலையில் யாரோ கதவிடுக்கில் ஒரு நோட்டீஸைச் செருகிவிட்டுப் போயிருந்தார்கள். ஏதோ சலவை சோப்பு விளம்பரம். அதைப் படிப்பதற்கு முன்னால் மூக்கருகே கொண்டு போனேன். ஈரம் காயாத அச்சு மையின் வாசம். என் மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “நோட்டீஸு படிக்கறதுக்குத்தானுங்க போடுவாங்க, மோந்து பாக்கறதுக்கா?” என்றாள். நான் அதை நாலாக மடித்து, மடிப்பை நகத்தால் நீவி, மேசையின் இடது இழுப்பறையில் வைத்தேன். இடது இழுப்பறை வேண்டாத காகிதங்களுக்கு. வலது இழுப்பறை வேண்டிய காகிதங்களுக்கு. இப்படிப்பட்ட ஆளோடு குடும்பம் நடத்துவது எளிதல்ல என்பது எனக்கே தெரியும்.

முப்பதுகளில் எங்கள் கிறிஸ்தவ சபைக்கு நோட்டீஸ் அடித்துக் கொடுத்த அச்சாபீஸ் ஓர் எண்ணெய்ச் செக்குக்குப் பக்கத்துக் கட்டடத்தில் இருந்தது. கோயமுத்தூரில் அப்போது அப்படித்தான். எதற்குப் பக்கத்தில் எது இருக்கும் என்று சொல்ல முடியாது. அதனால் எங்கள் நோட்டீஸ்கள் எல்லாவற்றிலும் மை வாசத்தோடு கடலை எண்ணெய் வாசமும் கலந்து வரும். லெந்து கால உபவாசக் கூட்டத்துக்கு அடித்த நோட்டீஸும் அதே வாசம்தான். “உபவாசத்துக்குக் கூப்புட்டுப் போட்டு பசியக் கெளப்புது பாருங்க” என்பார் ராகேலக்கா. சபையில் யாருக்குக் கல்யாணம், யாருக்கு அடக்கம் என்றாலும் அடுப்புப் பக்கம் அவர் பொறுப்பு.

அந்த அச்சாபீஸில் அடித்த ஒரு நோட்டீஸைப் பற்றித்தான் உங்களிடம் சொல்ல வந்தேன். அதற்கு முன்னால் மில்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும்.

பைக்காரா மின்சாரம் வந்த பிறகு பீளமேட்டிலும் சிங்காநல்லூரிலும் மில்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. அதில் ஒன்றில் டைம் ஆபீஸ் குமாஸ்தாவாக எனக்கு வேலை. சங்கு ஊதியதும் உள்ளே வருகிறவர்களின் பெயருக்கு நேரே குறி போட வேண்டும். இதைவிட எனக்குப் பொருத்தமான வேலையைக் கடவுளே தேடிக் கொடுத்திருக்க முடியாது. சூலூரிலிருந்தும் பல்லடம் பக்கத்திலிருந்தும், மானாவாரிக் காட்டில் மழை பொய்த்த குடும்பங்களின் பிள்ளைகள் வந்தார்கள். பதினாலு, பதினஞ்சு வயசு. மீசை அரும்பாத முகங்கள். ஷிப்டு முடிந்து வெளியே வரும்போது புருவத்திலும் காதுமடலிலும் பஞ்சு ஒட்டியிருக்கும். ஒரேயடியாகக் கிழவர்களாகிவிட்டது போல இருக்கும். கேட்டுக்கு வெளியே போனதும் ஒருவன் தலையை ஒருவன் தட்டிச் சிரித்து, மறுபடியும் பையன்களாகிவிடுவார்கள்.

அந்தப் பையன்களில் ஒருவன் சாமுவேல். எங்கள் சபை உபதேசியாரின் ஒரே மகன்.

உபதேசியாரை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒல்லியான மனிதர். வெளுத்த கோட்டு, அதற்குக் கீழே வேட்டி, கையில் கம்பி உடைந்த குடை. போதகர் ஐயர் பட்டணத்தில் இல்லாத ஞாயிறுகளில் ஆராதனை நடத்துவார். மற்ற நாள்களில் வீடு வீடாகப் போய் ஜெபம் செய்வார். ஜெபம் சுருக்கமாக இருக்கும் என்பதால் அவர் வந்தால் வீட்டுக்காரர்களுக்கு நிம்மதி. மனைவி இறந்த பிறகு அவரே சமைத்து மகனை வளர்த்தார். மில்லில் சேர்ந்த பிறகு சாமுவேல் தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளிலேயே தங்கிவிட்டான்.

அங்கே அவனுக்குச் சேக்காளி சின்னான். லைன் வீடுகளின் கடைசி வரிசை மற்ற வரிசைகளிலிருந்து தள்ளி இருக்கும். நடுவில் ஒரு சாக்கடை. சின்னான் வீடு அந்த வரிசையில். எந்தச் சாதிக்காரர்கள் அங்கே இருந்தார்கள் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. மில் கேட்டுக்கு எதிரே இருந்த காப்பிக் கடையில் அந்த வரிசைக்காரர்களுக்கு என்று சில குவளைகள் வெளிச்சுவரில் ஆணியில் தொங்கும். அவர்களே எடுத்து, குடித்து, கழுவி, மாட்டிவிட்டுப் போக வேண்டும். சாமுவேல் ஒருநாள் அந்த ஆணிக் குவளையை எடுத்துக் காப்பி கேட்டு, கடைக்காரன் ஊற்ற மாட்டேன் என்று சொல்லி, வாய்ச்சண்டை முற்றிப் பெரிய ஓரியாட்டமாகிவிட்டது.

அது கடை. கடையை மன்னித்துவிடலாம். ஓர் ஈஸ்டர் அன்று சாமுவேல் சின்னானைக் கோவிலுக்குக் கூட்டி வந்தான். சின்னானுக்கு எங்கள் பாட்டுகள் பிடிக்கும். ஸ்பின்னிங் பக்கத்தில் அவன் ராகத்தை மட்டும் முணுமுணுத்துக்கொண்டிருப்பதை நானே கேட்டிருக்கிறேன். கோவிலில் அவனை வாசலோரம் பின்பாயில் உட்காரச் சொன்னார்கள். யாரும் அதட்டவில்லை. “இங்க உக்காந்துக்க கண்ணு, காத்து நல்லா வரும்” என்றுதான் சொன்னார்கள். சாமுவேலும் போய் அந்தப் பாயில் உட்கார்ந்தான். ஆராதனை முடிந்ததும் சபை மூப்பர் உபதேசியாரைத் தனியே அழைத்து, “உங்க பையன் அங்க போயி உக்காந்தா பார்வைக்கு நல்லாருக்குதுங்களா?” என்றார். அடுத்த ஞாயிறு உபதேசியார் மகனிடம், “முன்னாடி வந்து உக்காரு சாமு” என்றார். அவன் முன்னாலும் வரவில்லை, பின்னாலும் வரவில்லை. அதோடு கோவிலுக்கு வருவதையே விட்டுவிட்டான்.

அடுத்த ஆண்டு தை மாதம், சபைக் கமிட்டியில் உபதேசியார் எழுந்து, விடலைப் பிள்ளைகளுக்காக ஒரு சுவிசேஷக் கூட்டம் நடத்த வேண்டும் என்றார். ஒருநாள் சாயங்காலம், மில் பிள்ளைகள் வரும்படியாக. அவர் கமிட்டியில் எதையும் கேட்டவரில்லை. யாருக்காக இந்தக் கூட்டம் என்பது அங்கே இருந்த அத்தனை பேருக்கும் தெரியும். தெரியாதது போலவே கடைசி வரை பேசினோம். எங்கள் ஊரின் மரியாதை அப்படிப்பட்டது.

நான் அந்தக் கமிட்டிக்குச் செயலாளர். கிழமை எது என்று கேட்டபோது, “சனிக்கிழமைங்க” என்றார் உபதேசியார். நேரம்? “மொத ஷிப்டு உட்டு, பசங்க மேல் கழுவிப்போட்டு வர்ற நேரமுங்க.” என்னிடம் திரும்பி, “தம்பிக்குத் தெரியுமுங்களே, எந்த வாரம் எந்த ஷிப்டுன்னு” என்றார். சாமுவேலுக்குப் பகல் ஷிப்டு வரும் வாரத்தை நான் சொன்னேன். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

பிரசங்கியாரைத் தெற்கேயிருந்து அழைப்பது என்று முடிவாயிற்று. ஆர்மோனியம் உண்டு. பாட்டுகள் நாலா ஐந்தா என்பதற்கு ஒரு முழு வாதம். மூப்பர், மரக்கடை வைத்திருந்தவர், “பசங்களுக்குப் பயம் வேணுமுங்க. நரகத்தப் பத்தி ஒரு அரைமணி நேரம் பேசச் சொல்லுங்க” என்றார்.

“மில்லுக்குள்ள வெந்துபோட்டு வர்ற புள்ளைககிட்ட நரகத்தப் பத்தி என்னத்தங்க சொல்றது? வவுத்துக்கு எதாச்சும் குடுங்க” என்றார் ராகேலக்கா.

அப்போதுதான் உபதேசியார் சொன்னார்: “காப்பி குடுக்கலாமுங்க. பால் காப்பி. வர்ற எல்லாத்துக்கும் ஒரே மாதிரி டம்ளர்ல, ஒரே மேசையில.” கொஞ்சம் நிறுத்தி, “பிரசங்கம் அப்பறமுங்க. பசங்க மொதல்ல அதத்தான் பாப்பாங்க” என்றார்.

அவர் பேசியதிலேயே நீளமான பேச்சு அதுதான். குடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்.

மூப்பர் கெட்டவர் அல்ல. இதை நான் திரும்பத் திரும்பச் சொல்வேன். சபை டம்ளர்களில் எல்லோரும் குடித்துவிட்டால் பின்னால் அவற்றை யார் வீட்டுக் கல்யாணத்துக்கு எடுப்பது என்றார். பழைய குடும்பங்கள் பிள்ளைகளை அனுப்பாமல் போனால் கூட்டமே இல்லையே என்றார். நம் பள்ளிக்கூடத்தில் பண்ணையக்காரர் வீட்டுப் பிள்ளைகளும் படிக்கிறார்களே, அவர்கள் காதுக்குப் போனால் என்றார். ஒவ்வொரு வாக்கியத்துக்கும் ‘ங்க’ போட்டு, ஒருவர் மனமும் நோகாமல் சொன்னார். சுண்டல் மட்டும் பொட்டலமாகக் கொடுத்துவிடலாமா என்றார் போதகர் ஐயர். உபதேசியார் தலையை ஆட்டவில்லை.

அப்போது யார் வாயிலிருந்து அந்த யோசனை வந்தது என்பது எனக்கு நினைவில்லை. எல்லோரும் சேர்ந்து அதைக் கண்டுபிடித்தது போலத்தான் இருக்கிறது. வருகிறவர்கள் அவரவர் டம்ளரை அவரவரே கொண்டுவந்துவிட்டால்?

அறையில் ஒரு நிம்மதி பரவியது. ஆஹா, காப்பியும் உண்டு, ஒரே மேசையும் உண்டு, ஒருவர் வாய் வைத்ததில் மற்றவர் வாய் வைக்க வேண்டியதும் இல்லை. யாரையும் தள்ளவில்லை, யாரையும் சேர்க்கவும் இல்லை. ஐயர் சிரித்தே விட்டார். “யாருக்கும் மனத்தாங்கல் இல்லாம முடிஞ்சுதுங்க பாருங்க” என்றார் மூப்பர். எனக்கும் அந்தத் தீர்வின் ஒழுங்கு பிடித்திருந்தது. டம்ளர்கள் மாறிப் போகாமல் இருக்க ஒட்டுவதற்குப் பெயர்ச் சீட்டுகள் வெட்டி வைக்கிறேன் என்று முன்வந்தேன்.

“உபதேசியார் என்ன சொல்றீங்க?” என்றார் ஐயர்.

“ஆகட்டுமுங்க” என்றார் அவர். சபைச் சம்பளத்தில் இருக்கிறவர் வேறென்ன சொல்வார்?

அப்படித்தான் நோட்டீஸின் அடியில் அந்த வரி ஏறியது. ‘காப்பி வழங்கப்படும். வருகிறவர்கள் அவரவர் டம்ளர் கொண்டுவரவும்.’ அச்சாபீஸ்காரர் அந்த வரிக்குக் கொட்டை எழுத்துப் போட்டிருந்தார். அதுதான் முக்கியமான செய்தி என்று அவருக்குப் பட்டிருக்கிறது.

கடலை எண்ணெய் மணந்த அந்த நோட்டீஸ்களை மில் கேட்டில் நானே கொடுத்தேன். சாமுவேல் வாங்கி முழுக்கப் படித்தான். பக்கத்தில் சின்னான் நின்றான். அவனுக்குப் படிக்கத் தெரியாது. “என்னடா போட்டிருக்குது?” என்று கேட்டான்.

“காப்பி தர்றாங்களாமா. ஆணி மட்டும் நம்ம ஊட்லிருந்து கொண்டுபோகோணுமாமா” என்றான் சாமுவேல்.

சின்னான் புரிந்துகொண்டு சிரித்தான். சாமுவேல் சிரிக்கவில்லை. என்னைப் பார்த்து, மரியாதை குறையாமல், “ஏனுங்ணா, டம்ளர் இல்லாதவங்க எல்லாம் மோட்சத்துக்கு எப்படிங்க போறது?” என்றான். எனக்குப் பின்னால் சங்கு ஊதியது.

“உங்கப்பா ரொம்ப ஆசப்படறாருடா. வந்துபோட்டுப் போ” என்றேன்.

“பாக்கறனுங்” என்றான்.

அதை நான் உபதேசியாரிடம் சொன்னதும் அவர் முகம் மலர்ந்ததை இப்போது நினைத்தாலும் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. ‘பாக்கறனுங்’ என்றால் எங்கள் ஊரில் பெரும்பாலும் ‘வரமாட்டேன்’ என்றுதான் அர்த்தம் என்று அவருக்குத் தெரியாதா? தெரிந்தும் மலர்ந்தார். அன்றே கோவில் வளாகத்தில் நெருஞ்சி முள்ளைக் குனிந்து பொறுக்கத் தொடங்கிவிட்டார், செருப்பில்லாமல் வருகிற பிள்ளைகளுக்குக் குத்தும் என்று.

கூட்ட நாள் வந்தது. பழைய குடும்பங்களின் பிள்ளைகள் எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு, கையில் டம்ளரோடு வந்தார்கள். மூப்பர் வீட்டுப் பையனுடையது வெள்ளி, பேர் வெட்டியது. மற்றவை ஈயம் பூசிய பித்தளை. ஒரு பெண் செம்பையே கொண்டுவந்திருந்தாள். “காப்பி குடிக்க வந்தியா அம்மணி, தண்ணி சேந்த வந்தியா?” என்று ராகேலக்கா கேட்க, எல்லோரும் சிரித்தார்கள். நான் சீட்டுகளை ஒட்டினேன். காப்பியின் சூட்டில் பசை இளகி அவை ஒவ்வொன்றாக உதிர்ந்தன.

லைன் வீடுகளிலிருந்து ஒருவரும் வரவில்லை. அவர்களுக்கென்று போட்ட பெஞ்சுகள் காலியாகக் கிடந்தன. பிரசங்கியார் கடிகாரத்தைப் பார்த்தார். மூப்பர், “நாம கூப்புட்டாச்சு, வர்றதும் வராததும் அவுங்க இஷ்டமுங்க” என்றார்.

உபதேசியார் வீட்டிலிருந்து இரண்டு டம்ளர் கொண்டுவந்திருந்தார். ஒன்று அவருடையது. இன்னொன்று விளிம்பு நெளிந்த சின்னப் பித்தளை டம்ளர். சாமுவேல் சிறுவயதில் பால் குடித்தது. மேசையின் ஓரத்தில் அதைத் தனியே வைத்து, கேட்டைப் பார்த்துக்கொண்டே நின்றார்.

பொழுது இறங்கும் நேரத்தில் சாமுவேல் வந்தான். குளித்து, சலவைச் சட்டை போட்டிருந்தான். ஒரு காதுமடலில் மட்டும் பஞ்சு இருந்தது. கேட்டுக்கு வெளியே வேப்பமரத்தடியில் சின்னான் நின்றுவிட்டான்.

உபதேசியார் நெளிந்த டம்ளரில் காப்பியை ஊற்றி எடுத்துக்கொண்டு போனார். “வா சாமு, வா கண்ணு. ஆறிப்போகும், குடி” என்றார்.

அவன் வாங்கவில்லை. “எனக்கு வேண்டாமுங்கப்பா. சின்னான் வெளிய நிக்கறான். இத அவனுக்குக் குடுத்து உள்ள கூட்டியாங்க. நானும் வாரேன்” என்றான். குரலில் கோபமே இல்லை. கெஞ்சியது போலக்கூட இருந்தது.

உபதேசியார் கேட்டைப் பார்த்து நடந்தார். நாங்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தோம். ஆர்மோனியம் வாசித்தவரும் நிறுத்திவிட்டார். பாதி தூரம் போயிருப்பார். மூப்பர் சத்தம் போடாமல், மிகவும் தன்மையாக, “உபதேசியாருங்க, ஆரம்ப ஜெபம் உங்களுதுங்க. எல்லாம் எந்திரிச்சு நிக்கறாங்க” என்றார்.

அவர் நின்றார். கோவில் மணி தொங்கிய தூணுக்கு அடியில் ஒரு கல் உண்டு. டம்ளரை அதன் மேல் வைத்தார். “ஜெபத்த முடிச்சுப்போட்டு வந்தர்றன் கண்ணு. ஒரு நிமிசம்” என்று மகனிடம் சொல்லிவிட்டுத் திரும்பி வந்தார்.

எப்போதும் சுருக்கமாக ஜெபிக்கும் மனிதர் அன்று முடிக்கவே இல்லை. தேசத்துக்காக ஜெபித்தார், மழைக்காக, மில் முதலாளிகளுக்காக, நோயாளிகளுக்காக, மறுபடியும் மழைக்காக. கண்ணைத் திறக்க அவருக்குத் தைரியம் வரவில்லை என்று எனக்கு இப்போது தோன்றுகிறது. பையன்கள் டம்ளர்களைக் காலடியில் உருட்டிச் சத்தம் எழுப்பினார்கள். ஆமென் சொல்லி நாங்கள் கண் திறந்தபோது கேட்டருகில் யாரும் இல்லை. வேப்பமரத்தடியிலும் இல்லை. கல்லின் மேல் காப்பி ஆடை படிந்து கிடந்தது. அதில் ஓர் எறும்பு.

பிரசங்கம் நன்றாக இருந்தது என்று பிறகு எல்லோரும் சொன்னார்கள். என் நாட்குறிப்பில் அன்றைக்கு, ‘கூட்டம் ஒழுங்காக நடந்தது. மழை இல்லை’ என்று எழுதியிருக்கிறேன். நான் எழுதுகிற லட்சணம் அது.

அதற்குப் பிறகு உபதேசியார் மகனைப் பற்றி யாரிடமும் பேசவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் கோவில் முடிந்ததும் என் அருகில் வந்து, குடையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றியபடி, “சாமு வேலைக்கு ஒழுங்கா வர்றானுங்களா தம்பி?” என்று மட்டும் கேட்பார்.

“தவறாம வர்றானுங்கய்யா.”

“அப்பச் சரிங்க.”

மகனிடமிருந்து அவருக்குக் கிடைத்தது அவ்வளவுதான், என் மூலமாக ஒரு வருகைக் குறி. சாமுவேலிடம் நான் ஒருமுறை, “அப்பா விசாரிச்சாருடா” என்றேன். “சொகமா இருக்கறன்னு சொல்லுங்ணா” என்றான். லைன் வீட்டுக்கும் கோவிலுக்கும் நடுவே நடந்து போகிற தூரம்தான். இருவரில் ஒருவரும் அதை நடக்கவில்லை.

பிறகு ஒரு வேலைநிறுத்தம். அது முடிந்து கேட்டைத் திறந்தபோது சிலருடைய பெயர்களைப் பதிவேட்டிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாமுவேல், சின்னான் இரண்டு பேரும் அதில் இருந்தார்கள். வடக்கே பம்பாய்ப் பக்கம் போய்விட்டார்கள் என்று லைனில் சொன்னார்கள். அந்த ஞாயிறு உபதேசியார் வழக்கம்போல வந்து கேட்டார்.

“பேர எடுத்துப்போட்டாங்கய்யா. ஊர விட்டே போயிட்டானாமுங்க.”

அவர் குடையைப் பார்த்தார். “அப்படீங்களா” என்றார். “அப்பச் சரிங்க.” அதன் பிறகு என் அருகில் வருவதற்கு அவருக்குக் காரணம் இல்லாமல் போயிற்று. கொஞ்ச நாளில் வெள்ளகோவில் பக்கம் ஒரு சின்ன சபைக்கு மாற்றிவிட்டார்கள். உலக யுத்தம் முடிவதற்கு முன்னால் அங்கேயே இறந்தார். நாங்கள் சிலர் பஸ் ஏறிப் போனோம். மகனுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று எல்லோரும் சொன்னோம். எங்கே தெரிவிப்பது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. அடக்கத்தில் முதல் பிடி மண்ணை மூப்பர்தான் போட்டார். அழுதார். அது உண்மையான அழுகை.

இப்போது அச்சாபீஸ் இல்லை, செக்கும் இல்லை. மில் கேட்டெதிரே இருந்த காப்பிக் கடையை இடித்துச் சைக்கிள் கடை கட்டியிருக்கிறார்கள். எங்கள் கோவிலில் பின்பாயை எடுத்துவிட்டார்கள். எல்லோருக்கும் பெஞ்சுதான், யாரும் எங்கேயும் உட்காரலாம், இடம் நிறையவே இருக்கிறது. லைன் வீடுகள் மட்டும் அப்படியே இருக்கின்றன. அந்தக் கடைசி வரிசையில் பிறந்து வளர்ந்த பிள்ளைகள் இப்போது ஷிப்டுக்குப் போகிறார்கள். போன வாரம் பஸ்ஸில் எனக்கு முன் சீட்டில் அவர்களில் இரண்டு பேர் உட்கார்ந்திருந்தார்கள். கண்டக்டர் எங்கே இறங்க வேண்டும் என்று கேட்டார். “சர்ச் ஸ்டாப்புங்க” என்றான் ஒருவன். இறங்கி, கோவில் கேட்டுக்கு முதுகைக் காட்டி, ரோட்டைத் தாண்டிப் போய்விட்டார்கள்.